பிறந்த வீட்டைக் கையோடு கொண்டு போனவர்

பெண்ணுக்கு வீடு இரண்டு என்பார்கள். பிறந்த வீடு ஒன்று. புகுந்த வீடு ஒன்று. புகுந்த இடத்தில் பேரும் புகழுமாக வாழ்ந்தால், "பெரிய இடம் கிடைத்ததும் எங்களை மறந்துவிட்டாள்" என்று பிறந்த வீட்டார் குறைப்படுவார்கள். பிறந்த வீட்டுப் பெருமையைக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டாலோ, "இன்னும் மனசு அங்கேயேதான்" என்று புகுந்த வீட்டில் முகம் சுளிப்பார்கள். இரண்டு பக்கமும் மெச்சும்படி நடந்து காட்டுகிற கெட்டிக்காரி ஆயிரத்தில் ஒருத்தி.

சங்கீத உலகத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. ஒரு வகைப் பாட்டில் பிறந்து வளர்ந்தவர் வேறு வகைக்குப் போய்க் கொடி நாட்டினால், பழைய ரசிகர்கள் மன்னிப்பது அபூர்வம். "பணத்துக்காகப் போய்விட்டார்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

இந்த வாரம் நாம் பேசப் போவது, அந்தத் தீர்ப்பைச் சிரித்த முகத்தோடு மாற்றி எழுத வைத்த ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி. பெயர் டாலி பார்ட்டன். தலை நிறையப் பொன்னிறக் கூந்தல். அது சொந்தக் கூந்தல் அல்ல, டோப்பா என்று ஊர் சொல்வதற்கு முன் தாமே சொல்லிச் சிரிப்பவர். விரல் நீளத்துக்கு நகம், கண்ணைப் பறிக்கும் ஜிகினா உடுப்பு. இந்த வேஷத்தைப் பார்த்துவிட்டு, "ஏதோ பொம்மை" என்று எண்ணி ஏமாந்த வியாபாரிகள் அநேகம் பேர்!

* * *

டாலி பிறந்தது 1946-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் கிழக்குக் கோடியில் ஸ்மோக்கி மலைகள் இருக்கின்றன. நீலப் புகை மாதிரி மூடுபனி கவிந்து கிடப்பதால் அந்தப் பெயர். அங்கே ஒற்றை அறைக் குடிசை ஒன்றில், பன்னிரண்டு குழந்தைகளில் நாலாவது குழந்தையாகப் பிறந்தாள். பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்க வீட்டில் பணம் இல்லை. தகப்பனார் ஒரு மூட்டை சோளமாவைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்.

தகப்பனார் ராபர்ட் லீ பார்ட்டன் புகையிலை பயிரிட்ட ஏழைக் குடியானவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது. தாயார், தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்த மலைநாட்டுப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே வீட்டு வேலை செய்தவர். குழந்தைக்குப் பாட்டு பாலோடு வந்தது.

குளிர் காலத்தில் டாலிக்குக் கோட்டு வாங்கக் காசில்லை. யாரோ கொடுத்த கந்தல் துண்டுகளையெல்லாம் சேர்த்து, ஒட்டுப் போட்டு, தாயாரே ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தார். தைக்கும்போதே, பைபிளில் வரும் யோசேப்பின் பல நிற அங்கியைப் பற்றிக் கதையும் சொன்னார். ராஜகுமாரி மாதிரி அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது குழந்தை. மற்றப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் வலியும் தாயாரின் பெருமையும் பல வருஷம் உள்ளேயே கிடந்து, பிறகு பாட்டாக வெளிவந்தது. 1971-ல் இசைத் தட்டாக வெளியான 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' என்னும் பாட்டுத்தான் அது. அதை எழுத உட்கார்ந்தபோது பஸ்ஸில் காகிதம் கிடைக்கவில்லை. சலவைக்குப் போட்ட உடுப்புக்கான ரசீதின் பின்பக்கம் கைக்கு அகப்பட்டது, அதில் எழுதினார்.

* * *

இந்த மலைநாட்டுப் பாட்டு வகைக்கு அமெரிக்காவில் 'கன்ட்ரி' என்று பெயர். வயலும் அடுப்பங்கரையும், குடிகாரப் புருஷனும் பொறுமைசாலி மனைவியும், ஊரை விட்டுப் போகும் ரெயிலும் ஊரில் காத்திருக்கும் அம்மாவும் அதில் வருவார்கள். பிடில் உண்டு, பான்ஜோ உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக 'ஸ்டீல் கிட்டார்' என்று ஒரு வாத்தியம். மடியளவு உயரத்தில் படுக்க வைத்து, தந்தியின் மேல் இரும்புத் துண்டை வழுக்க விட்டு வாசிப்பார்கள். அது பேசாது, விசும்பும்! அதைக் கேட்ட மாத்திரத்தில், "இது கன்ட்ரி" என்று அமெரிக்காவில் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இந்தச் சங்கீதத்தின் தலைநகர் நாஷ்வில். 1925-ம் வருஷத்திலிருந்து அங்கே 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் ரேடியோக் கச்சேரி நடந்து வருகிறது. டாலி பதின்மூன்றாம் வயதில் அந்த மேடையில் பாடிவிட்டாள்.

ஆனால் ஒரு விஷயம். 'பில்போர்டு' என்ற பத்திரிகை வாராவாரம் எந்தப் பாட்டு முதலிடம், எது இரண்டாமிடம் என்று பட்டியல் போடும். அதில் கன்ட்ரிக்கு என்று தனிப் பட்டியல். தேசம் முழுவதும் கேட்கும் பாட்டுகளுக்கு, அதாவது 'பாப்' உலகத்துக்கு, பெரிய பட்டியல். தனிப் பட்டியலில் மகாராணியாக இருப்பவர் பெரிய பட்டியலில் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். டாலிக்கே அப்படி நடந்தது. 'ஜோலீன்' என்ற பாட்டு 1974-ல் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெரிய பட்டியலிலோ அதற்குக் கிடைத்த இடம் அறுபது!

தன் புருஷனைக் கவர்ந்துவிடாதே என்று ஓர் அழகியிடம் மனைவி கெஞ்சுகிற பாட்டு அது. டாலியின் கணவரிடம் பாங்கியில் வேலை பார்த்த ஒரு பெண் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசியதாம். அதிலிருந்து பிறந்தது என்று டாலியே சொல்லியிருக்கிறார்.

* * *

1964-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். மறுநாளே நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறினார். போன அன்றைக்கே, துணி துவைக்கும் கடை வாசலில் கார்ல் டீன் என்ற வாலிபரைச் சந்தித்தார். இரண்டு வருஷத்தில் கல்யாணம். கார்ல், ரோடுக்குத் தார் போடும் தொழில் செய்தவர். மனைவியோடு ஒரு விருது விருந்துக்குப் போய் வந்தார். "நீ எவ்வளவு வேண்டுமானாலும் பாடு, எனக்குச் சந்தோஷம். ஆனால் இனி இந்த மாதிரி இடத்துக்கு என்னைக் கூப்பிடாதே" என்ற கருத்தில் சொல்லிவிட்டார். சொன்னபடியே, 2025 மார்ச்சில் காலமாகும் வரையில், ஏறக்குறைய அறுபது வருஷத் தாம்பத்தியத்தில் வெளிச்சத்துக்கு வராமலே இருந்தார்.

நாஷ்வில்லில் முதலில் ஒப்பந்தம் கொடுத்த இசைத் தட்டுக் கம்பெனிக்கு ஒரு யோசனை தோன்றியது. "இந்தப் பெண்ணின் கீச்சுக் குரல் கன்ட்ரிக்குச் சரிப்படாது, பாப் பாடட்டும்" என்று தீர்மானித்தார்கள். பாட வைத்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. பிறகு அவர் எழுதிய ஒரு கன்ட்ரிப் பாட்டை வேறொருவர் பாடி அது வெற்றி பெற்ற பிறகே, கம்பெனி வழிக்கு வந்தது.

அதாவது டாலி பாப் உலகத்துக்கு இரண்டு தடவை போனார். முதல் தடவை மற்றவர்கள் பிடித்துத் தள்ளிப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் தடவை, பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, தாமே நாள் பார்த்துப் போனார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம் கதையே இருக்கிறது.

* * *

1967-ல் போர்ட்டர் வாகனர் என்ற பிரபல கன்ட்ரிப் பாடகர் தம்முடைய டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு டாலியை அழைத்துக்கொண்டார். வருஷத்துக்கு 60,000 டாலர் சம்பளம் என்று சொல்வார்கள். மலைக் குடிசையிலிருந்து வந்த இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு அது குபேர சம்பத்து! வாராவாரம் வீடு வீடாக முகம் தெரிந்தது. இருவரும் சேர்ந்து பாடிய தட்டுகள் விற்றன. சந்தேகமில்லை, போர்ட்டர் ஏற்றிவிட்ட ஏணி.

ஐந்து வருஷம் இருப்பதாகச் சொல்லிச் சேர்ந்தவர் ஏழு வருஷம் இருந்தார். ஏணியில் ஏறினவர் மாடிக்குப் போகத்தானே வேண்டும்? போகிறேன் என்றபோது ஏணிக்கு மனசு வரவில்லை. எந்தப் பாட்டுப் பாடுவது, எப்படிப் பாடுவது என்பதில் தினம் ஒரு வாக்குவாதம். எத்தனை எடுத்துச் சொன்னாலும் காதில் விழவில்லை.

இப்படிப்பட்ட இக்கட்டு நம்மில் பலருக்குத் தெரியும். நல்லது செய்தவரை விட்டு விலகவேண்டும். ஆனால் நன்றி கெட்டவள் என்ற பெயரும் கூடாது. சண்டை போட்டுக்கொண்டு போவது சுலபம். அழுதுகொண்டு அங்கேயே கிடப்பதும் சுலபம். டாலி மூன்றாவது வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதினார். நான் போகிறேன், உங்கள் மேல் உள்ள அன்பு போகவில்லை என்பதே அதன் சாரம். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்று பெயர். மறுநாள் போர்ட்டர் எதிரில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். மனுஷர் அழுதுவிட்டார். போகலாம், ஆனால் இந்தப் பாட்டைத் தட்டாக்கும் பொறுப்பு மட்டும் தமக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

1974-ல் அது கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதே வருஷம் டாலி தனியே வந்துவிட்டார்.

கதை அங்கேயே சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1979-ல் போர்ட்டர் அவர்மேல் வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே சமரசமாயிற்று. டாலி கணிசமான தொகை கொடுத்தார். கொடுத்துவிட்டு மறந்தும் விட்டார். 2007-ல் போர்ட்டர் ஆப்ரி மேடைக்கு வந்து ஐம்பது வருஷம் நிறைந்த விழாவில், டாலி வந்து அதே பாட்டை அவர் முன் பாடினார். சில மாதங்களில் போர்ட்டர் காலமானார்.

* * *

இந்த இடத்தில் ஒரு வியாபாரச் சங்கதி சொல்லவேண்டும். சலிப்பாக இருக்கும் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் வீட்டு நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்பது போன்ற சங்கதி இது.

ஓர் இசைத் தட்டில் இரண்டு சொத்து உண்டு. ஒன்று, பாடிப் பதிவு செய்த குரல். இன்னொன்று, பாட்டே, அதாவது வார்த்தையும் மெட்டும். பாட்டின் சொந்தக்காரர் வீட்டுக்காரர் மாதிரி. யார் குடி வந்தாலும், அதாவது யார் பாடினாலும், வாடகை அவருக்கு வந்து சேரும். டாலி தம் பாட்டுகளுக்குத் தாமே வீட்டுக்காரியாக இருந்தார்.

எல்விஸ் பிரெஸ்லி தெரியுமல்லவா? அமெரிக்காவையே ஆட்டி வைத்த பாடகர். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை அவர் பாட ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் சொல்லியும் ஆகிவிட்டது. அப்போது எல்விஸின் மானேஜரான கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை போட்டார்: பாட்டின் உரிமையில் சரிபாதி கொடுக்கவேண்டும்!

சாதாரணமாக யாரும் மறுக்காத நிபந்தனை. எல்விஸ் பாடினால் பாதி உரிமையே பெரும் பணமாயிற்றே! டாலி மறுத்துவிட்டார். மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுதாராம். அழுகையை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அவர் அழுதார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

1992-ல் 'தி பாடிகார்ட்' என்ற படத்தில் விட்னி ஹூஸ்டன் அந்தப் பாட்டைப் பாடினார். பெரிய பட்டியலில் 14 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் உட்கார்ந்தது. காரில் போகும்போது ரேடியோவில் அதைக் கேட்ட டாலி, கை நடுங்கி, காரை ஓரமாக நிறுத்திவிட்டாராம். வாடகை முழுவதும் வீட்டுக்காரிக்கே வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன் அழுத அழுகைக்கு அது வட்டியும் முதலுமாக ஆயிற்று.

* * *

இனி, அவர் ஆற்றைத் தாண்டிய கதை.

1970-களின் நடுவில் நாஷ்வில்லில் ஒரே கொந்தளிப்பு. பாப் பாடகர்களெல்லாம் கன்ட்ரி விருதுகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று பழைய ஆட்களுக்குக் கோபம். 1974-ல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குச் சிறந்த கன்ட்ரிப் பாடகி விருது கிடைத்ததும் சிலர் கூடித் தனிச் சங்கமே ஆரம்பித்தார்கள். 1975 விழாவில் அதைவிட வேடிக்கை. முக்கிய விருது ஜான் டென்வருக்கு என்று எழுதியிருந்த காகிதத்தை, அறிவிக்க வந்த சார்லி ரிச் மேடையிலேயே சிகரெட் லைட்டரால் கொளுத்தினார்!

இப்படி நெருப்புப் பற்றி எரிந்த சமயத்தில்தான் டாலி பாப் உலகத்தை நோக்கி அடி எடுத்து வைத்தார். தம்பி தங்கைகளும் உறவினருமாக அவரோடு ஊர் ஊராக வந்த வாத்தியக் கோஷ்டியைக் கலைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மானேஜரை அமர்த்திக்கொண்டார். சொந்தக்காரர்களை வேலையிலிருந்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது, குடும்பத்தோடு தொழில் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஊர் பேசிற்று. கன்ட்ரியை விட்டு ஓடுகிறாள் என்றது. அதற்கு டாலி சொன்ன பதிலின் சாரம் இதுதான்: நான் கன்ட்ரியை விட்டுப் போகவில்லை; அதையும் கூட அழைத்துக்கொண்டு போகிறேன்.

அழகான பதில். ஆனால் அழகாகப் பதில் சொல்வது யாருக்கும் முடியும். நடந்து காட்டினாரா என்பதல்லவா கேள்வி?

1977-ல் 'ஹியர் யூ கம் அகெய்ன்' என்ற பாட்டு வந்தது. அவர் எழுதியது அல்ல. பாரி மான், சிந்தியா வைல் என்ற தம்பதி எழுதியது. பளபளவென்ற பாப் பாட்டு. பதிவானதைக் கேட்ட டாலிக்குக் கலக்கம். இது அளவுக்கு மீறிப் பாப் ஆகிவிட்டது, ஊரில் தலைகாட்ட முடியாது என்று பட்டது. தயாரிப்பாளர் கேரி க்ளைனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். ஸ்டீல் கிட்டார் சேர்க்கவேண்டும். "இது கன்ட்ரியே அல்ல" என்று யாராவது சொன்னால், "இதோ கேளுங்கள்" என்று சுட்டிக்காட்ட ஒரு சாட்சி வேண்டும் அல்லவா!

சேர்த்தார்கள். கல்யாணமாகிப் போகிற பெண், பட்டுப் புடவைகளுக்கு நடுவே அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றை மடித்து வைத்துக்கொள்வது போல, அந்தப் பாட்டுக்குள் ஸ்டீல் கிட்டாரின் விசும்பல் இருக்கிறது.

பலன் என்ன? பெரிய பட்டியலில் மூன்றாமிடம். கன்ட்ரிப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். அந்தப் பாட்டு இடம் பெற்ற இசைத் தட்டுத்தான் அவருக்குப் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் தட்டு. மறு வருஷம், 1978-ல், மூன்று வருஷத்துக்கு முன் எந்த விருதின் காகிதம் கொளுத்தப்பட்டதோ அதே விருதை, நாஷ்வில் டாலிக்குக் கொடுத்தது! கோபித்துக்கொண்ட பிறந்த வீடே ஆரத்தி எடுத்த கதைதான்.

* * *

அடுத்தது சினிமா. 1980-ல் 'நைன் டு ஃபைவ்' என்ற படம். ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லின் இருவரோடு டாலியும் நடித்தார். காரியாலயத்தில் பெண்களை மட்டம் தட்டும் ஒரு மேலதிகாரியை மூன்று பெண்கள் சேர்ந்து மடக்கும் கதை. பாஸ்டன் நகரத்தில் காரியாலயப் பெண் ஊழியர்கள் 1973-ல் ஆரம்பித்த ஓர் இயக்கத்தின் பெயரைத்தான் படத்துக்கு வைத்தார்கள். தலைப்புப் பாட்டைத் தாமே எழுதுவதாக இருந்தால் நடிக்கிறேன் என்று டாலி நிபந்தனை போட்டார். கர்னல் பார்க்கரிடம் பாடம் கற்றவர் அல்லவா!

சினிமா புதிது. ஆகையால் தம் வசனம் மட்டுமின்றி எல்லோருடைய வசனத்தையும் நெட்டுருப் பண்ணிக்கொண்டு போனாராம். படப்பிடிப்பில் காத்திருக்கும் நேரத்தில், தம் நீண்ட நகங்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். டகடகவென்று டைப் அடிக்கிற சத்தம்! அந்தத் தாளத்திலேயே பாட்டுக் கட்டினார். பதிவின்போதும் நகங்களை வாசித்தார். இசைத் தட்டின் உறையில் வாத்தியக்காரர்கள் பெயரோடு, நகம் வாசித்தவர் டாலி என்றும் அச்சாயிற்று.

மலைநாட்டிலிருந்து வந்தவருக்குக் காரியாலயம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். உழைப்பவர்களின் களைப்பு அவருக்குத் தெரியும். வயலில் களைத்தாலும் டைப்ரைட்டர் முன் களைத்தாலும் களைப்பு ஒன்றுதானே? கன்ட்ரிப் பாட்டின் உயிரே அதுதான். 1981 பிப்ரவரியில் அந்தப் பாட்டு பெரிய பட்டியலிலேயே முதலிடத்துக்கு வந்தது. கன்ட்ரியிலும் முதலிடம். இரண்டு கிராமி விருது. படம் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1983-ல் கென்னி ராஜர்ஸுடன் சேர்ந்து பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' மறுபடியும் பெரிய பட்டியலின் சிகரத்தில் ஏறியது.

* * *

எல்லாம் ஏறுமுகமே என்றால் அது கதையாகுமே தவிர வாழ்க்கையாகாது. 1987-ல் முழுக்க முழுக்கப் பாப் பாணியில் 'ரெயின்போ' என்று ஒரு தட்டு வெளியிட்டார். எடுபடவில்லை. இரண்டு வருஷத்தில் கன்ட்ரிப் பாட்டுகளோடு வந்தார். நாஷ்வில் கதவைத் திறந்தது. கூடையில் ஸ்டீல் கிட்டாரை வைத்துக்கொண்டு போனபோது புகுந்த வீடு வரவேற்றது. கூடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனபோது அங்கேயும் மதிப்பு இல்லை. இது கவனிக்க வேண்டிய விஷயம்.

1999-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். பிடிலும் பான்ஜோவுமாக, சிறு வயதில் மலையில் கேட்ட பாணியில், 'தி கிராஸ் இஸ் ப்ளூ' என்ற தட்டைப் பாடினார். விற்குமா விற்காதா என்ற கவலை இல்லை. ஏழையாக இருந்தபோது பாடின மாதிரி பாட, முதலில் பணக்காரியாக வேண்டியிருந்தது என்று அதைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கைப் பேச்சுத்தான், ஆனால் யோசித்தால், பாப் உலகத்தில் சம்பாதித்த பணம் எதற்கு என்ற கேள்விக்கு அதுவே பதில். அந்தத் தட்டுக்கும் கிராமி கிடைத்தது.

அவர் போட்ட பாதையில் பின்னால் பலர் நடந்தார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் 2006-ல் கன்ட்ரிப் பாடகியாக வந்து, 2014-ல் முழுப் பாப் பாடகியானார். அவருடைய ஆரம்பகாலப் பதிவுகள் 2019-ல் வேறு கைக்கு விற்கப்பட்டன. ஆனால் பாட்டின் உரிமை அவர் கையில் இருந்ததால், 2021-லிருந்து பழைய தட்டுகளை மறுபடி பாடி வெளியிட்டார். 2025-ல் பழைய பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். டாலி அன்று இரவெல்லாம் அழுது காப்பாற்றியது எது என்பது இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறதல்லவா?

2024-ல் காற்று எதிர்ப்பக்கமாகவும் வீசியது. பாப் உலகத்து மகாராணி பியான்சே கன்ட்ரிக்கு வந்தார். 'ஜோலீன்' பாட்டைத் தம் பாணியில் பாடினார். அந்தத் தொகுப்பில் டாலியின் பேச்சுக் குரலும் வருகிறது. ஒரு காலத்தில் வருகிறவரைப் பார்த்துக் காகிதம் கொளுத்தின ஊர். இங்கே வாசலில் நின்று வாருங்கள் என்று கூப்பிட்டவர் டாலி.

* * *

சம்பாதித்ததை என்ன செய்தார் என்று வீட்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

1986-ல், பிறந்த மலைக்குப் பக்கத்திலேயே 'டாலிவுட்' என்ற கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அங்கே பிழைப்பு. 2016-ல் அந்த மலைப்பக்கம் காட்டுத் தீயில் வீடுகள் எரிந்தபோது, வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 1,000 டாலர் வீதம் ஆறு மாதம் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

தகப்பனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அவரை நினைத்து 1995-ல் டாலி ஒரு திட்டம் தொடங்கினார். பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரை, மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயருக்கே தபாலில், இலவசமாக வரும். முதலில் தம் சொந்த ஜில்லாவுக்கு மட்டும். பிறகு அமெரிக்கா முழுவதும். பிறகு கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து. 2018-ல் பத்துக் கோடியாவது புத்தகத்தை அமெரிக்கத் தேசிய நூலகத்துக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு அவர் பாட்டுக்காரி என்பது பிறகுதான் தெரியும். அவர்களுக்கு அவர் 'புத்தக அம்மாள்'. இந்தப் பெயரைக் கேட்டுத் தகப்பனாருக்கு உண்டான பெருமை, பட்டியலில் முதலிடம் வந்தபோதுகூட உண்டானதில்லை என்று டாலி சொல்கிறார். 2000-ம் ஆண்டில் அவர் காலமானார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குடியானவர், தம் மகளைக் குழந்தைகள் 'புத்தக அம்மாள்' என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் போனார்.